புது கோச் வந்த முதல் சீசனிலேயே கல்லூரி மல்யுத்த அணி ஜெயிக்க வேண்டுமா?

தம்பியின் கல்லூரி மல்யுத்த அணிக்கு இந்த வருடம் புது தலைமைப் பயிற்சியாளர் வந்திருக்கிறார், வந்ததிலிருந்து தோல்விதான், அவரை மாற்றச் சொல்லிப் பெற்றோர் சிலர் பேசுகிறார்கள், எவ்வளவு காலம் பொறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோல்விகளை எண்ணுவதற்கு முன்னால் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போட்டிக்கு முந்தின இரவு சாப்பிட்டானா?

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், நானும் கொழும்பில் ஒரு கல்லூரி அணியில் இருந்தவன். 57 கிலோ பிரிவில் விளையாடினேன். என் உண்மையான எடை 61. மிச்ச நான்கு கிலோவை ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஐந்தாறு நாளில் இறக்க வேண்டும். மத்தியான வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு காலி முகத்திடலில் ஓடுவோம். கடைசி நாள் தண்ணீரும் கிடையாது. பஸ்ஸில் போகும்போது கையில் ஒரு போத்தல் இருக்கும், குடிக்க இல்லை, எச்சில் துப்ப. வீட்டில் அம்மா இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டுக் கூப்பிடுவார், நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். அதுதான் மல்யுத்தம் என்று நம்பினோம். எங்களுக்கு மூத்த பையன்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் உயர்தரம் படிக்கும்போது புது கோச் வந்தார். முன்னாள் இராணுவ மல்யுத்த வீரர், சிங்களவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். எல்லோரையும் 'புத்தா' என்றுதான் கூப்பிடுவார், அதாவது மகனே. நாங்கள் 'சேர்' என்போம். முதல் நாள் மெத்தையில் ஏற விடவில்லை. மாலு பாணும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றினார். அந்த எடைதான் இனி உங்கள் எடை என்றார். எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரு பிரிவு மேலே போனோம். நான் 61க்குப் போனேன்.

அமெரிக்காவில் 1997 கடைசியில், ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப் போய் இறந்த கதையை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அங்கே எடைப் பிரிவுகளையே உயர்த்தினார்கள், உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதிக்கவும் தொடங்கினார்கள். அன்று அறையில் ஒருவரும் பேசவில்லை. எனக்கு ரெயின்கோட்தான் ஞாபகம் வந்தது.

சரி, அதற்குப் பிறகு ஜெயித்தோமா? இல்லை. முதல் போட்டியில் எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் வென்றார்கள். நான் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை, பத்துப் புள்ளி வித்தியாசம் வந்ததும் நடுவர் நிறுத்திவிட்டார். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. நான் 61இல் 61ஆகவே நின்றேன், எதிரே நின்றவன் 65இலிருந்து இறங்கி வந்தவன். அதுவும் போக, எங்களுக்குத் தெரிந்தது இடுப்பில் ஏற்றித் தூக்கி எறிவது மட்டும். சேர் அதை இரண்டு மாதம் தடை செய்திருந்தார். நிற்கும் நிலை, கைப்பிடி, காலைப் பிடிக்க வருபவன் மேல் இடுப்பைப் போட்டுக் கால்களைப் பின்னால் எறிந்து விழுவது. இந்த மூன்றையும்தான் தினமும் செய்தோம். சலித்துப் போனது. உங்கள் தம்பியின் நண்பர்களின் பெற்றோரைப் போலவே எங்கள் பெற்றோரும் அதிபரிடம் போனார்கள். என் அப்பாவும் போனார், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மாற்றம் தெரிய ஐந்து மாதம் ஆனது. முதலில் தெரிந்தது ஆட்டத்தின் இரண்டாவது பாதியில்தான். நாங்கள் விளையாடிய ஃப்ரீஸ்டைல் வகை மல்யுத்தத்தில் மூன்று நிமிடம், முப்பது விநாடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். உடம்பு வற்றியவன் முதல் மூன்று நிமிடத்தில் சிங்கம் மாதிரி இருப்பான். ஓய்வு முடிந்து எழும்போது அவன் கை கனத்துப் போயிருக்கும். சர்வதேசப் போட்டிகளில் 2018இலிருந்து எடை பார்ப்பதே போட்டி நாள் காலையில்தான். குறைத்த நீரை மீட்டெடுக்க அங்கே நேரமே கிடையாது.

சீசனின் கடைசிப் போட்டியில், முதல் போட்டியில் என்னைத் தோற்கடித்த அதே பையன் அரையிறுதியில் வந்தான். முதல் பாதியில் என்னைக் கீழே இறக்கி 2 புள்ளி, இடுப்பைக் கட்டி உருட்டி இன்னொரு 2. இரண்டாம் பாதியில் அவனால் தள்ளுமுள்ளைத் தாங்க முடியவில்லை. இரண்டு தடவை வட்டத்துக்கு வெளியே தள்ளினேன், 1, 1. முடிய இருபது விநாடி இருக்கும்போது ஒற்றைக் காலைப் பிடித்து இறக்கினேன், 2. நாலுக்கு நாலு. ஆனால் சமநிலையில் பெரிய புள்ளி எடுத்த பிடிகள் யாருக்கு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். அவனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. தோற்றேன். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மூச்சு வாங்காமல் போய் நின்றேன், ஜெயித்தேன். முந்தின வருடம் எங்கள் அணிக்கு ஒரே ஒரு பதக்கம், அந்த வருடம் மூன்று.

முதல் வருடத்திலேயே அணியைத் தூக்கிய கோச்களும் இருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 86 கிலோ தங்கம் வென்ற டேவிட் டெய்லர், 2024இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக மல்யுத்த அணியைப் பொறுப்பெடுத்தார். அந்த வருடம் தேசியப் போட்டியில் பத்தாவதாக வந்த அணி 2025இல் மூன்றாவது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேசியப் போட்டியில் அவர்களுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த டீன் ஹமிட்டி, வயட் ஹெண்ட்ரிக்சன் இரண்டு பேரும் அந்த சீசனுக்கென்று வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாறி வந்தவர்கள். உங்கள் தம்பியின் கோச்சுக்கு அந்த வழி ஏது? இருக்கிற பையன்களை வைத்துத்தான் அவர் கட்டியெழுப்ப வேண்டும். அதற்கு ஒரு முழு சீசனாவது கொடுங்கள்.

அதனால்தான் அந்தக் கேள்வி. சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்று தம்பி சொன்னால், பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களே போய் அந்தக் கோச்சுக்காகப் பேசுங்கள். இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னால், அணி வென்றுகொண்டே இருந்தாலும் அன்றைக்கே அதிபரைப் போய்ப் பாருங்கள்.