உயிர் மூலக்கூறுகளை ஆராய்வதால் நல்ல மருந்து எப்படிக் கிடைக்கிறது?

திருகோணமலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அதனால் தினமும் என் கையால் போகிற பிரஷர் குளிசையை வைத்தே பதில் சொல்கிறேன்.

பிரேசிலில் ஜரராக்கா என்றொரு விரியன் பாம்பு. அது கடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். அந்த விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா, இரத்தக் குழாயைத் தளர்த்தும் பிராடிகினினுக்கு வலுவூட்டும் ஏதோ அதில் இருப்பதை 1965இல் காட்டினார். ஏசிஇ என்ற நொதியத்தை அது தடுக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. ஏசிஇக்கு இரண்டு வேலை: குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2ஐ உண்டாக்கும், பிராடிகினினை உடைக்கும்.

விஷத்தில் கிடைத்த பெப்டைடை, அதாவது சின்னப் புரதத் துண்டை, ஊசியாகப் போட்டால் வேலை செய்தது. விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏசிஇயின் வடிவத்தை அப்போது யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதைப் போல வேலை செய்கிற ஒரு செரிமான நொதியத்தின் வடிவம் தெரியும். அது வேலை செய்கிற குழிக்குள் ஒரு சிங்க் அணு இருக்கிறது. ஏசிஇயிலும் அப்படித்தான் இருக்கும் என்று கணித்து, ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்தக் குழிக்கு அளவான சின்ன மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்கள். சிங்க்கைப் பிடிக்கும் முனையில் கந்தகம் வைத்ததும் வீரியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடியது. அதுதான் விழுங்கக்கூடிய பிரஷர் குளிசையான கேப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, குறையே இல்லையா? நிலாவெளியிலிருந்து வரும் ஒரு அம்மா, "தம்பி, இந்தக் குளிசை தொடங்கினதிலிருந்து வறட்டு இருமல், இரவில நித்திரையே இல்லை" என்று கிளினிக் கொப்பியை நீட்டினார். பாணி மருந்து கேட்டுத்தான் வந்திருந்தார். கொப்பியில் அதே குடும்பத்து எனலாப்ரில். உடைபடாமல் சேர்கிற பிராடிகினின்தான் இந்த இருமலுக்கு முக்கிய காரணம் என்கிறார்கள். குளிசையைத் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவர் லோசார்டனுக்கு மாற்றினார், இருமல் அடங்கியது. லோசார்டன் ஏசிஇயைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிராடிகினின் வழக்கம்போல உடைபடும்.

ஏசிஇயின் வடிவம் 2003இல்தான் நேரடியாகத் தெரிந்தது. அதில் வேலை செய்யும் குழிகள் இரண்டு. ஒன்றை மட்டும் அடைத்து, மற்றதை பிராடிகினினை உடைக்க விட்டுவைக்கும் மருந்தை இப்போது தேடுகிறார்கள்.