97 ஊற்றினால் மோட்டார் பறக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 250 சிசி இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் உள்ளது. வேலைக்கு எல்ஆர்டியில் போகிறேன். மோட்டாரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பேன். உலு யாம், பத்தாங் காலி வழியாகக் கெந்திங் மலை ஏறி இறங்குவோம். கூட வருகிறவர்கள் எல்லாரும் ரோன்97 பெட்ரோல் அடிக்கிறார்கள். 95 ஊற்றினால் மலையில் இழுவை இருக்காது என்கிறார்கள். மாறிவிடலாமா? – வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். முதலில் வண்டியின் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். ஜப்பானியத் தயாரிப்பில் இந்த அளவுள்ள பெரும்பாலான வண்டிகளுக்கு 91 அல்லது 95 என்றுதான் போட்டிருக்கும். அப்படியானால் பெட்ரோல் நிலையத்தில் 95-க்கான மஞ்சள் கைப்பிடியே போதும்.

95, 97 என்ற ஆக்டேன் எண்கள் பெட்ரோலின் வலுவைச் சொல்வதில்லை. அழுத்தத்தைத் தாங்கும் குணத்தைச் சொல்கின்றன. பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். தீ போய்ச் சேருமுன்பே, கடைசி மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் முந்திரிக்கொட்டையாகத் தானே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். எண் கூடக்கூட அந்த முந்தல் குறையும், அவ்வளவுதான். நாக்கிங்கே இல்லாத எஞ்சினுக்கு 97 ஊற்றுவது காய்ச்சல் இல்லாதவன் பனடோல் விழுங்குவது மாதிரி. நாக்கிங்கை உணரும் நாக் சென்சாரும், அதைக் கேட்டுப் பொறி நேரத்தை முன்தள்ளும் இசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருந்தால் கொஞ்சம் பலன் கிடைக்கும். சிறிய, நடுத்தர மோட்டார்கள் பலவற்றில் அந்த சென்சார் கிடையாது.

மலைக்கு 97 என்பது இன்னும் வேடிக்கை. கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் தரைமட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால் நாக்கிங் அபாயமும் குறைகிறது. மேலே போகப்போக இழுவை மந்தமாவதற்குக் காரணம் காற்றுதான். அதைப் பெட்ரோலால் ஈடுகட்ட முடியாது.

காசையும் பார்த்துவிடுங்கள். புடி95 என்ற அரசாங்க பெட்ரோல் மானியத் திட்டத்தில் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி 95-இன் விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று தொடங்கியது; மைகார்டும் செல்லுபடியாகும் லைசென்சும் இருந்தால் மோட்டாருக்கும் உண்டு. 97-இன் விலை சந்தையோடு ஏறி இறங்கும். வித்தியாசம் 1.20 ரிங்கிட் என்று வைத்தாலும் 14 லிட்டர் டாங்கிக்கு 16.80 கூடுதல். அது இரண்டு பேருக்கு ரொட்டி சானாய், தே தாரிக் செலவு.

கேள்வி: என் யமஹா ஒய்15 கப்சாயில் (சின்ன மோட்டார்) 62 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டிருக்கிறேன். காராக் நெடுஞ்சாலையில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஐந்தாவது கியரில் ஏறும்போது, டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். 97 ஊற்றினால் நிற்குமா? – வாசகர், கோம்பாக்

பதில்: உங்களுக்கு 97 தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது.

கணக்கைப் பாருங்கள். இந்த எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது பிஸ்டன் விட்டம் 57 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 58.7, கொள்ளளவு 150 சிசி, கம்ப்ரெஷன் 10.4, அதாவது கலவை அத்தனை மடங்கு நசுங்குகிறது. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 16 சிசி. பிஸ்டன் 62 ஆனதும் கொள்ளளவு 177. மேலே உள்ள இடம் அதே 16 என்றால் கம்ப்ரெஷன் 12-ஐத் தாண்டும். பிஸ்டன் தலை மேடாக இருந்து அந்த இடத்தில் 2 சிசியை அடைத்துக்கொண்டால் 13.7. அது சூப்பர்பைக் கணக்கு. அந்த வண்டிகளில் இருக்கும் அளவுக்குக் குளிரூட்டலும் இசியூவும் கப்சாயில் இல்லை. சிலிண்டர் ஹெட்டையும் சீவி அந்த இடத்தை இன்னும் குறைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது: ஏற்றத்தில் மூன்றுக்கோ நான்குக்கோ இறங்குங்கள். குறைந்த சுற்றில் திராட்டலை முழுக்கத் திறப்பதுதான் நாக்கிங்குக்குப் பாய் விரிக்கும் வேலை.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தால் எஞ்சின் சூடாக ஓடுகிறது, அல்லது கலவையில் பெட்ரோல் போதவில்லை. பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் ஏற்கெனவே அரிபடுகிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. 8 இருந்தால் 9 போட்டுப் பார்க்கலாம். போஷ் எண்கள் இதற்கு நேர்மாறு, கடையில் ஏமாந்துவிடாதீர்கள்.

பெரிய பிஸ்டனுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய இன்ஜெக்டரும், இசியூவில் இருக்கும் பழைய மேப்பும் (பெட்ரோல், பொறி நேர அட்டவணை) ஒத்துவராது. டியூன் செய்கிறவரிடம் அதிகச் சுமையில் பெட்ரோலைக் கூட்டவும், பொறி நேரத்தை 2, 3 டிகிரி பின்தள்ளவும் சொல்லுங்கள். ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரெஷனைக் குறைத்தால் தினசரி ஓட்டத்துக்கு இன்னும் நிம்மதி. கொள்ளளவை மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: டாங்கியில் பாதி 95 இருக்கும்போது 97 ஊற்றலாமா? – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தாராளமாக. ஏறத்தாழ 96 கிடைக்கும். வண்டிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கேள்வி: பழைய அமெரிக்க குரூசர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கையேட்டில் 91 ஆக்டேன் என்று இருக்கிறது. நம் 95 அதைவிட அதிகம்தானே? – வாசகர், ஜெலுத்தோங்

பதில்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாம் ரோன் எண்ணை மட்டும் எழுதுகிறோம். அமெரிக்காவில் ரோன், மோன் என்ற இரண்டு சோதனை எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அவர்களுடைய 91 நம் 95, 96-க்குச் சமம். ஆகவே 95 உங்களுக்குச் சரியாக விளிம்பில் நிற்கிறது. காற்றால் குளிரும் பெரிய வி-டுவின் (இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும்) எஞ்சின் பினாங்குப் பாலத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது கொதிக்கும். கிளட்ச் விட்டுக் கிளம்பும்போது டிக்டிக்கென்று கேட்டால் 97-க்குப் போங்கள். கேட்காவிட்டால் 95-இலேயே இருங்கள்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டாரில் ஹட்யாய் போகிறோம். தாய்லாந்து பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகுமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஆக்டேன் பிரச்சினை இல்லை, எத்தனால்தான் பிரச்சினை. அங்கே கேசஹால் 91, கேசஹால் 95 இரண்டிலும் 10 சதவீதம் எத்தனால் உண்டு; இ20-இல் 20. பழைய கார்புரேட்டரின் ரப்பர் ஓரிங், பெட்ரோல் குழாய் ஆகியவை அதில் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். எத்தனால் ஆக்சிஜனையும் கொண்டுவருவதால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து அது சற்று மெலியும். டூ-ஸ்ட்ரோக்கில் மெலிந்த கலவை என்றால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லைக்கு முன்னால் சங்லூனில் டாங்கியை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுங்கள். எல்லையிலிருந்து ஹட்யாய் சுமார் 60 கிலோமீட்டர்தான். நிறைந்த டாங்கியில் போய்த் திரும்பிவிடலாம். அங்கே அடித்தே ஆக வேண்டும் என்றால் எத்தனால் இல்லாத பென்சின் 95 விற்கும் நிலையத்தைத் தேடுங்கள், விலை கூடுதல். அதுவும் கிடைக்காவிட்டால் கேசஹால் 95 இரண்டு லிட்டர் போதும். இ20 பக்கம் போகவே வேண்டாம்.

வீடு திரும்பியதும் டாங்கிக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் குமிழாகத் தனியே நீர் நின்றால் டாங்கியையும் காலி செய்துவிட்டுப் புது 95 ஊற்றுங்கள்.