மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? மனச்சோர்வு பற்றிய கேள்விகளும் பதில்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் கேட்ட கேள்விகளுக்கு மனநல மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பா தக்காளி பயிரிடுகிறார். மூன்று மாதமாகத் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. களி உருண்டையை ஒரு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் நெஞ்செரிச்சல், உடம்பு வலி என்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உறவினர்கள் பூசாரியிடம் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். (பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்)

பதில்: கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன் அம்மா. ஆனால் அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் அழைத்து வந்துவிடுங்கள். எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, விடியும் முன்பே கலைந்துவிடும் தூக்கம் எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து ஆண்கள் பலருக்கு மனது சரியில்லை என்று சொல்ல வாய் வராது. வயிறு, முதுகு, தலை என்றுதான் சொல்வார்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இப்படிச் சோர்வு தரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வோம்.

இன்றே செய்ய வேண்டியவை இரண்டு. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அருகில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே வைத்து மறுகிக்கொண்டிருந்தவர் சொல்லி அழ ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

கேள்வி: ஓசூரில் ஷிப்ட் வேலை. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் ஆகிறது, குமட்டல்தான் மிச்சம்.

பதில்: தம்பி, இந்த மாத்திரையில் தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பின் போட்டுக்கொள்ளுங்கள். மனதில் தெளிவு தெரிய இரண்டு முதல் நான்கு வாரமும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரமும் ஆகலாம். ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். இருப்புக்கொள்ளாத பதற்றமோ, சாகும் எண்ணமோ அதிகமானால் மட்டும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் சில வாரங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டது என்று மனச்சோர்வு மாத்திரையை நானே நிறுத்தினேன். தலை சுற்றுகிறது, மின்சாரம் பாய்வது போல் இருக்கிறது. அடிமையாகிவிட்டேனா? (அரூர், ஆசிரியை)

பதில்: இல்லை அம்மா. அடிமைத்தனம் என்றால் மனம் அதற்காக ஏங்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். மனச்சோர்வு மாத்திரைகளில் அது கிடையாது. உடம்பு பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த தொந்தரவு இது. மருத்துவரிடம் சொன்னால் மீண்டும் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தலைசுற்றலைப் பற்றி அல்ல. நன்றாகிவிட்டது என்று தோன்றும் நாளில்தான் நம் மக்கள் மாத்திரையை விடுகிறார்கள். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், குணமானதாக உணர்ந்த பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்திருந்தால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோகூட ஆகலாம். பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் முறை வரும்போது, "எனக்கு எந்த மருந்தும் கேட்காது" என்று மனம் உடைந்துவிடுகிறார்கள். மருந்து கேட்டிருந்தது, விட்டதுதான் காரணம்.

மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கும் அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு வகை. அவைதான் பழக்கமாகும். மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மேல் போடாதீர்கள். வெகுநாளாகப் போட்டுவருபவர்கள் அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். காரணமில்லாமல் அழுகிறேன். பால் கொடுப்பதால் மாத்திரைக்குப் பயம். (கிருஷ்ணகிரி)

பதில்: பிரசவம் ஆன சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். நான்காம் மாதத்திலும் இருந்தால் சிகிச்சை வேண்டும். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளும் தாய்மார்கள் ஏராளம். இரவில் ஒரு முறையாவது குழந்தையை மாமியாரோ கணவரோ பார்த்துக்கொண்டு உங்களைத் தூங்க விடட்டும். நாட்கணக்கில் தூக்கமே இல்லை, காதில் குரல்கள் கேட்கின்றன என்றால் அது அவசரம். இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கணவர் மாத்திரையும் போடுகிறார், குடிக்கவும் செய்கிறார்.

பதில்: குடி மனச்சோர்வைக் கூட்டும், சிகிச்சையையும் கெடுக்கும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கும் மருத்துவ உதவி வேண்டும்.

கேள்வி: பேச்சு சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்? அதற்கு வசதி இல்லையென்றால்? (தர்மபுரி, கல்லூரி மாணவர்)

பதில்: அறிவுரை சொல்ல மாட்டார்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் எப்போது வந்தது, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று உங்களோடு சேர்ந்து எழுதிப் பார்ப்பார்கள். இன்னொரு முறையை நீங்களே இன்று தொடங்கலாம். நோட்டில் நாளைக்கு இரண்டே வேலை எழுதுங்கள்: ஏழு மணிக்குக் குளியல், ஐந்து மணிக்குப் பேருந்து நிலையம் வரை நடை. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். எழுதிய நேரத்தில் எழுந்து போங்கள், மனம் பின்னால் வரும். முடித்ததும் அருகில் பத்துக்கு எத்தனை நிம்மதி என்று ஒரு எண் போடுங்கள். லேசான மனச்சோர்வுக்கு இதுவும் உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் பல நேரம் போதும். படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு இவை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளி சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். கல்லூரி கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டார்கள்.