எடுத்து வைத்த தாய்ப்பால்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

மலேசியத் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஆயினும் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களின் சந்தேகங்கள் குறைந்தபாடில்லை. பம்ப் மூலம் எடுத்து வைக்கும் பாலைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகத் தருகிறோம். இங்கே சொல்லப்படும் கால அளவுகள் நிறைமாதத்தில் பிறந்த, நலமாக உள்ள குழந்தைகளுக்கானவை. குறைமாதக் குழந்தைக்கும், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கும் அந்த வார்டின் மருத்துவரும் தாதியரும் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறேன். மூன்று முறை பால் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் 50, 60 மில்லிலிட்டர்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டே வரலாமா? சூடான பாலைக் குளிர்ந்த பாலோடு சேர்த்தால் திரிந்துவிடும் என்கிறார் மாமியார். (வாசகி, பினாங்கு)

பதில்: ஒரே தாயின் பாலை ஒன்றுசேர்ப்பதில் தவறில்லை. உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பால் திரிந்துவிடாது, ஆனால் உடல் சூட்டோடு இருக்கும் பாலை ஊற்றும்போது, ஏற்கெனவே குளிர்ந்திருந்த பாலின் வெப்பநிலை உயர்கிறது. கிருமிகள் பெருகாமல் தடுத்து வைத்திருப்பதே அந்தக் குளிர்ச்சிதான் என்பதால், ஒவ்வொரு முறையும் அதைக் கலைப்பது நல்லதல்ல. ஆகவே புதிதாக எடுத்த பாலைத் தனிப் பாட்டிலில் மூடி, முதலில் ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்துவிடுங்கள். பிறகு இரண்டு பாட்டில்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தால் சேர்க்கலாம்.

பலர் கோட்டைவிடுவது தேதி எழுதும் இடத்தில்தான். சேர்த்த பாலுக்கு அதில் மிகப் பழைய பாலின் நேரத்தையே எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு எடுத்த 60 மில்லிலிட்டரோடு பிற்பகல் 2 மணிக்கு எடுத்த 50 மில்லிலிட்டரையும் மாலை 5.30க்கு எடுத்ததையும் சேர்த்தால், பாட்டிலின் மேல் 'திங்கள் காலை 10' என்றுதான் இருக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸில் இயங்கும் ஐஸ்பெட்டியில் பால் நான்கு நாள் வரை இருக்கலாம் என்பதால், உங்கள் கணக்கு வெள்ளிக்கிழமை காலை 10 மணியோடு முடிகிறது. அடுத்தடுத்த நாட்களின் பாலைச் சேர்ப்பதற்கும் இதே கணக்கு பொருந்தும் என்றாலும், ஒரு நாள் பாலை அந்த நாளோடு நிறுத்திக்கொள்வதே குழப்பமில்லாத வழி என்பது என் கருத்து. உறைய வைக்கும் எண்ணம் இருந்தால் நான்காம் நாள் வரை காத்திராமல் முதல் நாளிலோ மறுநாளிலோ செய்துவிடுங்கள்.

ஐஸ்பெட்டி கிடைக்காத நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் புதிய பாலை நான்கு மணி நேரம் வரை வெளியே வைக்கலாம். குளிரூட்டி ஓடும் உங்கள் தொழிற்சாலைக்கு அது பொருந்தலாம். மத்தியானம் 32 டிகிரியைத் தொடும் நம் வீட்டுச் சமையலறைக்குப் பொருந்தாது. அங்கே எடுத்தவுடன் உள்ளே வைத்துவிடுவதே சரி. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோக, முழுதாக உறைந்த ஐஸ் கட்டிப் பொதிகள் பாட்டில்களை ஒட்டியிருக்கும்படி அடுக்கிய குளிர்காப்புப் பை போதும். அதில் 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்பது பொதுவான அளவு. ஆனால் அடிக்கடி திறந்தாலோ, ஐஸ் உருகிவிட்டாலோ அந்த அளவை நம்பக்கூடாது. பலரும் பயன்படுத்தும் பேன்ட்ரி ஐஸ்பெட்டியாக இருந்தால், பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவுக்குள் பாட்டில்களை வைத்து, கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்தக் கதவுத் தட்டுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டி. அதன் உள்ளேயே சின்ன ஃபிரீசர். பால் ஆறு மாதம் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நம்பலாமா? (வாசகி, செந்தூல்)

பதில்: அவர் சொன்னது தனிக் கதவுள்ள, மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருக்கும் ஃபிரீசருக்கான கணக்கு. அப்படிப்பட்ட ஃபிரீசரில் ஆறு மாதம் வரை சிறப்பு, பன்னிரண்டு மாதம் வரை ஏற்கத்தக்கது. உங்களுடையதைப் போன்ற உள்ளடங்கிய பெட்டியில் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் குளிர் குறைவதால், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அதில் வைக்கும் ஐஸ்கிரீம் இளகிப் போகிறதென்றால் இரண்டு வாரமும் அதிகம்.

தாய்ப்பாலுக்கென்றே விற்கும் பைகளை வாங்குங்கள். கடையில் தே தாரேக் கட்டிக் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை இதற்கு உதவாது; எளிதில் கிழியும், ஓட்டை விழும். ஒரு பையில் 60 முதல் 120 மில்லிலிட்டர் போதும். உறையும்போது பால் விரிவடையும் என்பதால் மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். பைகளைத் தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட்டால், பிறகு புத்தகங்களைப் போல் நிறுத்தி அடுக்கலாம். பழைய தேதி முன்னால் வரும்படி வைத்து அதையே முதலில் எடுங்கள். பச்சைக் கோழியும் மீனும் பாலுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏற்கெனவே உறைந்த பையைத் திறந்து புதிய பாலை ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நன்கு குளிர்ந்த பாலை, உறைந்த பாலின் அளவைவிடக் குறைவாக ஊற்றினால் உறைந்தது இளகாது. என்றாலும் ஒரு பையின் விலையை மிச்சப்படுத்த இவ்வளவு கணக்குப் பார்ப்பதைவிடப் புதிய பையில் ஊற்றுவதே மேல்.

கேள்வி: மகள் வேலைக்குப் போனதும் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உறைந்த பாலை அடுப்பில் சட்டி வைத்துச் சுடவைக்கிறேன். அவன் பாதி குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். மிச்சத்தை ஐஸ்பெட்டியில் இருக்கும் பாலோடு சேர்த்து வைக்கலாமா? (ஒரு பாட்டி, பத்துமலை)

பதில்: வேண்டாம் அம்மா. பேரனின் எச்சில் பட்ட பாலில் அவன் வாயிலிருந்த கிருமிகளும் கலந்திருக்கும். குடித்து முடித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவன் விழித்துக் கேட்டால் அதையே கொடுக்கலாம். இல்லையென்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். மகள் சிரமப்பட்டு எடுத்த பால் வீணாகக் கூடாது என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. அதற்கு வழி, முதலில் 60 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேட்டால் மேலும் ஊற்றுவது.

அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். பால் சில இடங்களில் மட்டும் அதிகமாகச் சுட்டு, பிள்ளையின் வாயைப் பொசுக்கிவிடும். பாலின் நற்குணங்களும் கெடும். மறுநாளுக்கான பையை முந்தைய இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டால் காலைக்குள் இளகியிருக்கும். முழுதும் இளகிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், ஐஸ்பெட்டியில் வைத்துத்தான், அதைக் கொடுத்து முடிக்க வேண்டும். வெளியே எடுத்தாலோ வெதுவெதுப்பாக்கினாலோ இரண்டு மணி நேரம்தான். மீண்டும் உறைய வைக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் பாட்டிலைச் சிறிது நேரம் நிறுத்தி, மேலே மிதக்கும் கொழுப்பு கலக்கும்படி மெதுவாகச் சுழற்றி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: உறைந்து இளகிய என் பாலில் சவர்க்கார வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. தாய்ப்பாலில் இயற்கையாகவே உள்ள லைப்பேஸ் என்னும் நொதி, சேமிப்பின்போது கொழுப்பைச் சிதைப்பதால் வரும் வாடை அது. குழந்தை குடித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மட்டும், இனி எடுக்கும் பாலை, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றும் வரை, கொதிக்கவிடாமல் சூடாக்கி, உடனே குளிரவைத்து, பிறகு உறைய வையுங்கள். இதனால் பாலின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஓரளவு போய்விடும் என்பதால் தேவையில்லாமல் செய்ய வேண்டாம். புளித்த, ஊசிப்போன வாடை வந்தால் அது வேறு விஷயம், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பால் போதாத நாட்களில் தாய்ப்பாலோடு பால்மாவைக் கலந்து ஒரே பாட்டிலில் கொடுக்கலாமா? (வாசகி, செராஸ்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் முறை முக்கியம். தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலில் பால்மாவைக் கரைக்கவே கூடாது. உப்பும் புரதமும் அளவு மீறி, குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமையாகிவிடும். 70 டிகிரிக்குக் குறையாத சூடுள்ள கொதித்த நீரில், டப்பாவில் குறிப்பிட்ட அளவுப்படி பால்மாவை முதலில் கரைத்து, ஆறவைத்து, அதன் பிறகே தாய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். சேர்த்த நொடியிலிருந்து பால்மாவின் கெடு முழுவதற்கும் பொருந்தும். அதாவது தயாரித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும், தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைக்கக்கூடாது. குழந்தை பாதியில் விட்டுவிட்டால் தாய்ப்பாலும் சேர்ந்தே வீணாகிறது. ஆகவே கலக்காமல், தாய்ப்பாலை முதலில் ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டு, பசி தீரவில்லையென்றால் பால்மாவை வேறு பாட்டிலில் கொடுங்கள். தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) பிள்ளையை விடுபவராக இருந்தால் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி அங்குள்ள ஆயாவிடம் கொடுத்துவிடுங்கள்.