வாசகர் கேள்வி – பதில்: பூநாரை வந்தது, எந்தக் கரைக்கு என்று எழுதலாமா?

பறவை, ஆமை, பாம்பு என்று ஏதோ ஒன்றைக் காக்க முன்வந்த சிறு அமைப்புகளில் முகநூல், ஊடக அறிக்கை, துண்டுப்பிரசுரம் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகின்றன. இந்த முறை அவர்களிடமிருந்து வந்த கேள்விகள்.

பூநாரைக் கூட்டத்தின் படத்தை இடத்தின் பெயரோடு எங்கள் அமைப்பின் முகநூலில் போட்டோம். அடுத்த ஞாயிறு மோட்டார் சைக்கிள்களும் ஒரு ட்ரோனும் வந்து பறவைகளைக் கலைத்துவிட்டன. இனிப் படமே போடக் கூடாதா? – வாசகர், அரியாலை

படம் போடலாம். இடத்தையும் நாளையும் சேர்த்துப் போட்டதுதான் பிழை. பூநாரை ஆழமில்லாத உவர்நீரில் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்துத் தின்னும் பறவை. வயிறு நிறைய நெடுநேரம் பிடிக்கும். ஒருதரம் கூட்டமாக எழுப்பிவிட்டால் தின்னும் நேரமும் போச்சு, பறந்த சக்தியும் போச்சு. ஒரே நாளில் நாலைந்து தரம் எழுப்பினால் அந்த இடத்தையே விட்டுவிடும்.

ஆகவே இடத்தைப் பெரிதாகச் சொல்லுங்கள்: 'யாழ்ப்பாணக் கடல்நீரேரி' போதும், ஒழுங்கையின் பெயர் வேண்டாம். படத்தை இரண்டு கிழமை பிந்திப் போடுங்கள். சுண்டிக்குளம் போன்ற இடத்தைப் பெயர் சொல்லி எழுதுவதில் தவறில்லை. அது 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே சட்டமும் அதிகாரிகளும் உண்டு. தரையில் முட்டையிடும் உப்புக்கொத்தியின் கூட்டை மட்டும் எந்த இடமானாலும், எத்தனை கிழமை கழித்தானாலும் காட்டாதீர்கள்.

படத்தின் பின்னணியையும் பாருங்கள். கோயில் கோபுரம், தொலைபேசிக் கோபுரம், பாலம், படகின் பதிவிலக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே ஊர்க்காரருக்கு இடம் பிடிபட்டுவிடும். கைத்தொலைபேசியின் கமராவில் இடக்குறியை நிறுத்தி வையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதனுள் பதிந்த இடத்தகவல் நீங்கிவிடும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். தெளிவு குறையக் கூடாது என்று பலர் இரண்டாவது வழியில் அனுப்பி, இடத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநச்சுரலிஸ்ட் தளம் அழிவாபத்துள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மறைக்கும். மற்றவற்றுக்கு மறைப்பை நீங்கள் தெரிவுசெய்யலாம்: புள்ளி 0.2 பாகைச் சதுரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டத்துக்குள், எங்காவது விழும். ஆனால் கீழே குறிப்பில் ஊரின் பெயரை எழுதினால் மறைத்து என்ன பயன்?

போட்ட பதிவில் இடத்தை நீக்கிவிடுங்கள். 'தயவுசெய்து இன்ன இடத்துக்குப் போகாதீர்கள்' என்று புதுப்பதிவு போடாதீர்கள். அது இரண்டாவது விளம்பரம். அதைவிட அந்த ஊர் வாசிகசாலையிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் நேரில் ஒரு சொல் சொல்லிவையுங்கள். ட்ரோனைப் பற்றியும் ஒன்று: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஒருபுறம் இருக்க, உங்கள் பக்கத்திலேயே முன்பு ட்ரோன் படம் போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு மற்றவரைக் கடியலாம்.

ஐந்து பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பினோம், ஒன்றிலும் வரவில்லை. ஒருவர் மட்டும் 'எழுத்து உடைஞ்சு வந்தது' என்றார். – வாசகி, உரும்பிராய்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். செய்தி மேசையில் அதை மாற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் எழுதி, மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்புங்கள். பக்க வடிவமைப்புக்குப் பாமினி வேண்டுமென்றால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். அப்படி மாற்றிய பக்கத்தில், ஆங்கில எழுத்தில் நீங்கள் கொடுத்த விலங்கியல் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பொருளில்லாத தமிழாக அச்சேறக்கூடும். விலங்கியல் பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

200 முதல் 250 சொல் போதும். என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார்கள் என்பது முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். அமைப்பின் வரலாறு கடைசிப் பந்திக்கு. இடம் போதாவிட்டால் வெட்டுவதும் அதைத்தான். படங்களை வேர்ட் கோப்புக்குள் செருகாமல் தனியாக இணையுங்கள். அச்சில் 4 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200 புள்ளி வேண்டும். படவிளக்கத்தில் இனத்தின் பெயரும் எடுத்தவரின் பெயரும் இருக்கட்டும். கீழே கொடுக்கும் தொலைபேசி இலக்கம் அன்று பின்னேரம் கட்டாயம் எடுக்கும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். தலைவருடையதாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இன்னொன்று. 'வெளிநாட்டுப் பறவைகள் படையெடுப்பு' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பாதீர்கள். வருடாவருடம் வரும் விருந்தாளியைப் படை என்று சொன்னால், வயற்காரர் வெடி வாங்கி வைப்பார்.

எங்கள் கரையில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஊடகவியலாளர்கள் காரணம் கேட்கிறார்கள். நஞ்சு என்கிறார் ஒருவர், இழுவைப்படகு என்கிறார் மற்றவர். என்ன சொல்வது? – வாசகர், வடமராட்சி கிழக்கு

காரணத்தைச் சொல்லாதீர்கள். முதலில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். உடலையோ ஓட்டையோ எடுத்து வைக்க வேண்டாம். எங்கள் கடலுக்கு வரும் ஐந்து இன ஆமைகளும் தாவர விலங்கு பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, ஓட்டை வைத்திருப்பதும் குற்றம். ஊடகத்துக்கு மூன்று வரி போதும்:

'இன்று காலை இறந்த நிலையில் மூன்று ஆமைகள் கரையொதுங்கியுள்ளன. திணைக்களத்துக்கு அறிவித்துள்ளோம்; இறப்புக்கான காரணம் உடற்கூற்றுப் பரிசோதனையின் பின்னரே தெரியவரும். அடுத்த தகவல் நாளை மாலை 4 மணிக்கு.'

அந்த 4 மணியைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். புதிதாக ஒன்றுமில்லாவிட்டால் 'புதிதாக ஒன்றுமில்லை' என்றே அனுப்புங்கள். 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றிய பின் ஆமைகள் ஒதுங்கியபோது, எல்லாரும் கேட்டது இதே கேள்வியைத்தான். பரிசோதனைக்கு முன் சொன்ன காரணம் பிறகு பிழைத்தால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

இனத்தைச் சரியாகச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகளை எண்ணுங்கள். பேராமைக்கும் அழுங்காமைக்கும் நாலு சோடி. இரண்டையும் பிரிக்கக் கண்களுக்கு நடுவே பாருங்கள்: ஒரு சோடிச் செதில் என்றால் பேராமை, இரண்டு சோடி என்றால் அழுங்காமை. பங்குனி ஆமைக்குப் பக்கத் தகடு பெரும்பாலும் ஆறு சோடி அல்லது அதற்கு மேல். தகடே இல்லாமல் முதுகில் நீளவாட்டில் வரம்புகள் ஓடினால் அது தோலோட்டு ஆமை. முழு உடல், தலை மேலிருந்து, தலை பக்கத்திலிருந்து, நாலு துடுப்பு, காயம் என்று அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

துடுப்பில் கயிற்றுத் தழும்பு கண்டால் 'துடுப்பில் தழும்பு உள்ளது' என்று எழுதுங்கள், 'மீனவர் வலையே காரணம்' என்று எழுதாதீர்கள். ஆமை ஒதுங்கியதை உங்களுக்கு முதலில் சொன்னதே மீனவராக இருக்கும்.

வலையில் சிக்கும் ஆமையைப் பற்றி மீனவர்களுக்குக் குறுஞ்செய்தியும் சுவரொட்டியும் செய்ய வேண்டும். – வாசகர், ஊர்காவற்றுறை

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 இடம்தான். மிஞ்சினால் 67, 67 ஆகப் பிரிந்து, இரண்டு செய்திக்கான காசு போகும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாதீர்கள். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம். 'வணக்கம்' ஐந்து எழுத்து, ஆனால் ஏழு இடம். அதனால் வணக்கத்தை விட்டுவிட்டு விசயத்துக்கு வாருங்கள்:

'மயங்கிய ஆமையா? கடலில் எறியாதீர். வால் பக்கம் உயர்த்தி வையுங்கள். 1992'

இது 69 இடம். மிச்சம் சுவரொட்டிக்கு. வலைக்குள் மூச்சுமுட்டிய ஆமை செத்ததுபோல் கிடக்கும்; அப்படியே கடலில் போட்டால் மூழ்கித்தான் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை 15 சென்ரிமீற்றராவது உயர்த்தினால் நுரையீரலில் உள்ள நீர் வடியும். நிழலில், மூக்குத் துளையை விட்டு ஈரச்சீலையால் மூடி, 4 மணி முதல் 24 மணி நேரம் வரை வைக்கலாம். தண்ணீர் நிறைந்த தொட்டியில் போடக் கூடாது. அசைந்து தெளிந்தபின், வலை கடலில் இல்லாதபோது, இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீருக்குக் கிட்டப் பிடித்து மெல்ல இறக்கிவிடுவது.

இதை எழுத்துத் தமிழில் எழுதாமல் 'ஆமை செத்திட்டுதெண்டு கடலுக்க தூக்கிப் போடாதேங்கோ' என்று எழுதிப் பாருங்கள், நின்று வாசிப்பார்கள். மூன்று படம், ஆறு வரிக்கு மேல் வேண்டாம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், ஆகவே முக்கியமான வரி வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். சங்கக் கட்டிடத்தின் உள்சுவரைவிட, வலை பொத்தும் வாடியும் ஐஸ் ஏற்றும் இடமுமே ஒட்டத் தகுந்தவை. அச்சுக்குக் கொடுக்கமுன் படகும் வலையும் வைத்திருக்கும் இரண்டு சம்மாட்டிமாரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பாம்பு பிடிக்கும் காணொளிக்குத்தான் எங்கள் பக்கத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். தொடரலாமா? – வாசகர், சாவகச்சேரி

கையில் தூக்கிக் காட்டுவதை நிறுத்துங்கள். பார்க்கும் பெடியன் அதைத்தான் செய்து பார்ப்பான், நஞ்சுள்ள பாம்புக்கும் நஞ்சில்லாத பாம்புக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. தூரத்தில் நின்று பாம்பைக் கண்ணால் தொடர்வது, 1992க்கு அழைப்பது, கடிபட்டால் கட்டாமல் வெட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இவற்றைக் காட்டுங்கள். பார்ப்பவர் தொகை குறையும்தான்.

எந்த நாட்களில் நிகழ்ச்சி வைப்பது? – வாசகி, நல்லூர்

உலக வலசைப் பறவைகள் தினம் மே, ஒக்ரோபர் இரண்டிலும் இரண்டாம் சனிக்கிழமை வரும். மேயில் எங்கள் கரையில் அனேகமான பறவைகள் போய்விட்டிருக்கும், ஒக்ரோபரை எடுங்கள். அது நவராத்திரியோடு முட்டினால் பாடசாலைகள் வாணிவிழாவில் நிற்கும், ஒரு கிழமை தள்ளுங்கள். பெப்ரவரி 2, சதுப்புநில தினம், இன்னும் வசதி: மழை ஓய்ந்திருக்கும், பறவைகளும் நிற்கும். 30 பிள்ளைகளுக்கு நாலு இருநோக்கியாவது இரவல் வாங்கி வையுங்கள்.