விழித்ததும் தொண்டையில் குழாய் இருக்குமாமே, டாக்டர்?

இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு என்னிடம் வருபவர்கள் இதயத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. எத்தனை அடைப்பு, எந்த வால்வு என்பதையெல்லாம் அறுவைச் சிகிச்சை நிபுணரிடமே கேட்டுத் தெளிந்துவிடுகிறார்கள். மயக்க மருந்து நிபுணரான என்னிடம் கேட்பது தூக்கத்தையும் குழாய்களையும் பற்றித்தான். இம்முறை வந்த கேள்விகளும் அப்படியே.

பைபாஸ் செய்துகொண்ட நண்பர், "கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், பேச வராது, கையைக் கட்டியிருப்பார்கள்" என்றார். அன்றோடு என் உறக்கம் போனது. உண்மைதானா? மூச்சு முட்டாதா?

உண்மைதான். ஆனால் நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் ஆழ்ந்து உறங்கிய பிறகுதான் குழாயைப் போடுவோம். அது குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. காற்று குழாய்க்குள்ளேயே போய்வருவதால் குரல்நாண்கள் அதிர்வதில்லை, பேச்சு எழுவதில்லை. இது தெரியாத பலர், தமக்குக் குரலே போய்விட்டது என்று நினைத்து மிரள்கிறார்கள். எடுத்த சற்று நேரத்தில் கரகரப்பாகவேனும் பேச்சு வந்துவிடும். தொண்டை வலி ஓரிரு நாளில் தணியும்.

மூச்சு தருவதுதான் அந்தக் குழாயின் வேலை. இருந்தாலும், வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும் நேரத்தில் நீங்கள் மூச்சை வெளியே தள்ள முயன்றால் இருமலும் திணறலும் வரும், அலாரம் ஒலிக்கும். அப்போது கருவியோடு மல்லுக்கட்டாமல், அது தரும் மூச்சை வாங்கிக்கொள்ளுங்கள். செவிலியர் குழாய்க்குள்ளிருந்து சளியை உறிஞ்சும்போது சில நொடிகள் கடுமையாக இருமல் வரும். அது எளிதாக இருக்கும் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

கை விஷயம்: அரைத் தூக்கத்தில் கை தன்னையறியாமல் குழாயைப் பிடித்து இழுக்கப் போகும். அதனால் சில மருத்துவமனைகளில் மணிக்கட்டை மென்மையான பட்டையால் தளர்வாகக் கட்டி வைப்பார்கள். தெளிவு வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

சிக்கல் இல்லாத அறுவைக்குப் பிறகு, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் குழாயை எடுத்துவிடவே முயல்கிறோம். அதில் பெரும்பகுதியை உறங்கியே கழித்துவிடுவீர்கள். எடுக்குமுன் சிலவற்றைப் பார்ப்போம்: சொல்வது புரிகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா, தானாக மூச்சு விடுகிறீர்களா, ரத்தக் கசிவு அடங்கிவிட்டதா. ஆகவே "கண்ணைத் திறங்கள், என் கையை அழுத்துங்கள்" என்ற குரல் காதில் விழுந்தால் சொன்னபடி செய்யுங்கள். குழாய் வெளியே வருவதற்கான வழி அதுதான். ஆம் என்பதற்குத் தலையசைப்பு, வலி என்பதற்கு விரலைத் தூக்குவது என்று சில சைகைகளை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அறுவை நடக்கும்போதே நினைவு திரும்பிவிட்டால்?

அரிதாக நடப்பதுண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், பொது மயக்க மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார். இதய, நெஞ்சு அறுவைகளில் அது ஏறத்தாழ 8,600 பேருக்கு ஒருவர். நோயாளிகளைத் தேடிப்போய்த் துருவிக் கேட்ட வேறு ஆய்வுகளில் எண்ணிக்கை கூடுதல்: ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு.

ஒரே ஊசியோடு எங்கள் வேலை முடிவதில்லை. அறுவை முடியும்வரை மருந்து சென்றுகொண்டே இருக்கும். அறுவையின்போது இதயத்தின், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும்போது, நரம்பு வழியாகவோ அந்த இயந்திரத்தின் வழியாகவோ அதைத் தொடர்ந்து தருகிறோம். பல இடங்களில் நெற்றியில் ஒரு பட்டை ஒட்டி மூளையின் மின்னலைகளையும் கவனிப்பார்கள். அது காட்டும் எண் 40-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் உறக்கத்தின் ஆழம் போதுமானது என்று கொள்வோம்.

"எல்லாம் என் காதில் விழுந்தது" என்று பின்னர் சொல்பவர்களில் கணிசமானோர் கேட்டது தீவிர சிகிச்சைப் பிரிவில் மெல்ல மயக்கம் தெளியும்போது சுற்றியிருந்தவர்கள் பேசியது. அறுவை அதற்குள் முடிந்திருக்கும். முன்பு எப்போதாவது மயக்கத்தின் நடுவே விழித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் மட்டும் கட்டாயம் முன்பே சொல்லுங்கள்.

மொத்தம் எத்தனை குழாய்கள்? எடுக்கும்போது வலிக்குமா?

மணிக்கட்டில் ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தைக் காட்ட. பெரும்பாலும் விழித்திருக்கும்போதே, மரத்துப்போகும் ஊசி போட்டு அதைப் பொருத்துவோம். கழுத்து நரம்பில் ஒன்று, மருந்து செலுத்த. சிறுநீருக்கு ஒன்று. உணவுக்குழாய்க்குள் ஒரு ஸ்கேன் கருவியை இறக்கி இதயத்தைப் பார்ப்பதும் உண்டு. நீங்கள் விழிக்கும் முன்பே அது போயிருக்கும்.

நெஞ்சில் இரண்டு, மூன்று குழாய்கள் இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கசியும் ரத்தம் உள்ளே தேங்கி இதயத்தை நெருக்கிவிடாமல் வெளியேற்றுபவை அவைதாம். கசிவு குறைந்ததும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள், எடுத்துவிடுவார்கள். எடுக்கும் கணத்தில் சுருக்கென்று இழுக்கும். அதற்கு முன்பே வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குங்கள். சிலருக்கு இதயத் துடிப்பைச் சீராக்க மெல்லிய கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீடு திரும்பும் முன் அவற்றையும் உருவிவிடுவார்கள். அது லேசான இழுப்பாகத்தான் தெரியும்.

நான் பெண். சிறுநீர்க் குழாய் என்றாலே கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் உறங்கிய பிறகே போடுவார்கள். பெண் செவிலியர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். விழித்ததும் சிறுநீர் முட்டுவதுபோல் தோன்றும். அது குழாய் உறுத்துவதால் வரும் உணர்வு, படுக்கை நனையாது. ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு 78 வயது. மயக்க மருந்தால் புத்தி தடுமாறும் என்கிறார்களே?

இந்த வயதில் சில நாள் குழப்பம் வரக்கூடும். இடம் தெரியாமல் பேசலாம், இல்லாததைப் பார்க்கலாம், அல்லது பேச்சே இல்லாமல் சோர்ந்து கிடக்கலாம். மயக்க மருந்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய அறுவை, தூக்கக் கேடு, வலி, புதிய இடம் எல்லாம் சேர்ந்தே இதைக் கொண்டுவருகின்றன. பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள். அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் ஐசியுவுக்குக் கொடுத்தனுப்புங்கள். கண்ணும் காதும் இல்லாமல் எவருக்குத்தான் குழப்பம் வராது? அருகில் சென்று உங்கள் பெயர், அன்றைய கிழமை, அறுவை நல்லபடியாக முடிந்தது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தினமும் மது அருந்துபவர் என்றால் எவ்வளவு என்பதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திடீரென நின்றுபோவதாலும் இதே குழப்பம் வரும்.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மட்டும் பிடிக்கிறேன். பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். தொண்டைக் குழாயைச் சீக்கிரம் எடுக்க முடியாமல் போவதற்குச் சளியும் பலவீனமான நுரையீரலும் முக்கியக் காரணங்கள். நான்கு வாரம் முன்பே விட்டால் நுரையீரலுக்கு நல்ல பலன் உண்டு. ஒரு நாள் விட்டாலும் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு குறையும். இன்றே நிறுத்துங்கள், மூச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள், மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடும் பல், பல் செட், நாட்டு மருந்து, மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது வந்த சிக்கல், எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை சாப்பிடுபவர்கள் தவறாமல் தெரிவிக்க வேண்டும்; அவற்றைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

காலையில் ஒரு வாய் டீ?

பால் கலந்த டீயும் உணவுக் கணக்குத்தான். லேசான உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி, தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான விதி. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

பயமாக இருக்கிறது என்று சொன்னால் அறுவையைத் தள்ளிப்போட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். சொல்லாமல் அடக்கிக்கொண்டு வருபவர்களைவிடச் சொல்பவர்களுக்கு உதவுவது எங்களுக்கு எளிது. உடல்நிலை இடம் கொடுத்தால், முதல் நாள் இரவு உறங்க மாத்திரையும், தியேட்டருக்குள் வந்ததும் படபடப்பைத் தணிக்கும் ஊசியும் தருவோம். அந்த ஊசிக்குப் பின் நடந்தவை பலருக்கு நினைவில் நிற்பதில்லை. பிறகு முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்து, நன்றாக மூச்சை இழுத்துவிடச் சொல்வோம். ரப்பர் வாடை அடிக்கும். கையில் மருந்து ஏறும்போது சிலருக்கு எரியும். ஒரு நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான். அடுத்து நீங்கள் கேட்கப்போவது, கையை அழுத்தச் சொல்லும் செவிலியரின் குரலாகத்தான் இருக்கும்.