‘தி மெசேஜ்’ பாடலை ஹிப்-ஹாப் வரலாற்றின் திருப்புமுனை என்கிறார்களே, ஏன்?

1982-இல் ‘தி மெசேஜ்’ வெளிவரும் வரை, இசைத்தட்டுகளில் பதிவான ராப் பாடல்கள் (ஹிப்-ஹாப்பில் தாளத்துக்கேற்பப் பேச்சுபோலச் சொல்லப்படுபவை) பெரும்பாலும் கொண்டாட்டத்தையும் தற்பெருமையையுமே பாடின. இப்பாடலோ வேகத்தைக் குறைத்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகளும் எலிகளும் கரப்பான்களும் நிறைந்த ஏழைக் குடியிருப்பின் வாழ்க்கையை, அங்கே வசிப்பவனின் குரலிலேயே சொல்லியது. இறுதிப் பகுதியில், ஒன்றுமறியாமல் பிறக்கும் குழந்தை வறுமையால் குற்றத்துக்குள் இழுக்கப்பட்டு, சிறை அறையில் தூக்கில் தொங்கி முடிகிறது. இப்பாடலைப் பாடியவர்களில் ஒருவரான மெல்லி மெல் 1979-இலேயே வேறொரு பாடலில் பாடியிருந்த இவ்வரிகள் இங்குதான் தமக்குரிய இடத்தைக் கண்டன என்பது என் கருத்து.

இசைத்தட்டில் ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்’ என்று குழுவின் பெயர் இருந்தாலும், இதன் கருவை உருவாக்கியவர் குழுவைச் சேராத டியூக் பூட்டி. ராப் பகுதிகளைப் பாடியவர்கள் அவரும் மெல்லி மெல்லும் மட்டுமே. கேளிக்கைக் கூட்டத்தில் இதற்கு யார் ஆடுவார்கள் என்று குழுவினர் முதலில் தயங்கினர். ஷுகர் ஹில் இசைத்தட்டு நிறுவனத்தின் சில்வியா ராபின்சன் விடாப்பிடியாக நின்றதால்தான் பாடல் பதிவானது.

அதன் பிறகு, மேடையில் இசைத்தட்டுகளை இயக்கும் டி.ஜே.யைவிடச் சொல்லைக் கையாளும் பாடகரே முன்னுக்கு வந்தார். பப்ளிக் எனிமி போன்ற குழுக்களின் அரசியல் ராப்புக்கும் இப்பாடலே வழி திறந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-இல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 50 பதிவுகளில் இதுவும் ஒன்று.